ஓடுறதும் ஒக்காந்திருக்கறதும்

வயல் ஆய்வுப் படிவத்தை உங்கள் எல்லோருக்கும் கட்டுக் கட்டாகக் கொடுத்திருப்பார்கள். அதில் கடைசிக் கட்டத்துக்கு மேலே 'நன்மை செய்யும் பூச்சிகள்' என்று அச்சாகியிருக்கும். அந்தக் கட்டத்தில் நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 'காணப்பட்டன' என்று எழுதுகிறீர்கள். நானும் அதைத்தான் எழுதினேன். அதையும் வயலில் நின்று எழுதவில்லை. சிதம்பரத்தில் பஸ் ஏறி, உட்கார இடம் பிடித்து, புதுச்சத்திரம் வருவதற்குள் பத்துப் படிவத்திலும் அந்த ஒரே வார்த்தையை எழுதி முடித்துவிடுவேன். பஸ் குலுங்குவதால் கையெழுத்து மட்டும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அந்தக் கட்டத்தைப் பற்றி மேலே இருந்தவர்கள் யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

பருத்தியில் பூச்சியை வைத்தே பூச்சியைச் சமாளித்த அனுபவத்தைச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன், பெருமையாகவே சொல்கிறேன். வேளாண்மைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவளுக்குப் பெருமை பேசுவதைத் தவிர வேறு என்ன வேலை? ஆனால் என் பெருமை ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறது. தப்பு முழுக்க என்னுடையது. அதைத் தாண்டிக் குதித்து நேராக நல்ல பகுதிக்குப் போக முடியாது.

2008 தொடக்கத்தில் எனக்கு அண்ணாகிராமத்திலிருந்து சிதம்பரம் பக்கம் மாற்றல் வந்தது. அண்ணாகிராமத்தில் முந்திரியோடும் பலாவோடும் பல வருடம் இருந்தவள் நான். முந்திரித் தளிர் கருகியிருந்தால் வண்டியில் போகிறபோதே எந்தப் பூச்சி என்று சொல்லிவிடுவேன். அந்தத் தலைக்கனத்தை அப்படியே சிதம்பரத்துக்கும் எடுத்துக்கொண்டு போனேன். வீடு கடலூர் செம்மண்டலத்தில், வேலை சிதம்பரத்துக்கு மேற்கே உள்ள கிராமங்களில். அங்கே சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் ஈரம் காய்வதற்குள் பருத்தி விதையை ஊன்றிவிடுவார்கள். ஆனியில் பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி நெல்லுக்குப் போவார்கள். எனக்குப் பருத்தி புத்தகத்தில்தான் பழக்கம். அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த ஊரில் தனபால் என்று ஒருவர். நாற்பது வயது இருக்கும். இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துவந்தார். நிலத்துக்காரர் கடலூரில் இருந்தார். தனபால் அதிகம் பேசமாட்டார். நான் ஒரு கேள்வி கேட்டால் வரப்பைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். ஆனால் அந்த வயலைப் போய்ப் பார்த்தால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். ஒரு செடி நட்ட இடத்திலிருந்து விலகி நிற்காது.

அந்த வருடங்களில் மாவுப்பூச்சி என்றாலே ஊரெல்லாம் பீதி. புதிய விதைகள் வந்து காய்ப்புழுத் தொல்லை குறைந்திருந்த நேரத்தில் இது வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. தண்டிலும் இலைக் காம்பிலும் மாவை அப்பி வைத்த மாதிரி வெள்ளையாக உட்கார்ந்துகொண்டு சாறை உறிஞ்சும். நுனி சுருண்டுபோகும், மொக்கு உதிரும். உடம்பின் மேல் இருக்கிற மெழுகால் மருந்தும் எளிதில் உள்ளே இறங்காது.

தனபால் வயலில் ஓரமாக வெள்ளை தெரிந்ததும் எனக்குச் சொல்லி அனுப்பினார். போனேன். பாடத்தில் சொன்னபடி பத்துச் செடி பார்த்தேன். வெள்ளையாக இருந்த எல்லாவற்றையும் எண்ணினேன். சில மட்டும் கொஞ்சம் நீளமாக, உடம்பெல்லாம் பஞ்சு இழை தொங்க, பெரியதாக இருந்தன. நன்றாக முற்றிய மாவுப்பூச்சி என்று முடிவு செய்து அவற்றுக்காகவே 'தாக்குதல் தீவிரம்' என்று குறித்துக்கொண்டேன். எழுதி முடித்துவிட்டு, "மருந்து அடிச்சிடுங்க தனபால்" என்றேன்.

அவர் வரப்பைப் பார்த்தார். "இப்பவே அடிக்கணுங்களா மேடம்? செடி இன்னும் நல்லாத்தான நிக்குது."

"இப்பவே அடிக்கணும். விட்டா பரவிடும்."

அன்றைக்குப் பிற்பகலே அடித்துவிட்டார். பத்து நாள் கழித்துப் போனேன். ஓரத்தில் இருந்த வெள்ளை நடு வயலுக்கு வந்திருந்தது. இன்னொரு முறை அடித்தார், அதற்கும் அடங்கவில்லை. அந்த வருடம் அவர் ஒரு சுற்றுப் பஞ்சுகூட முழுதாக எடுக்கவில்லை. நான் என் அறிக்கையில் 'மருந்து சரியாகப் படவில்லை' என்று எழுதினேன். நம் தொழிலில் பழியைப் போட எப்போதும் ஒரு தெளிப்பான் கையருகே கிடைக்கும்.

உண்மையைச் சொன்னது பச்சையம்மாள். வயல் வயலாகக் களை எடுக்கப் போகிற பெண், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். செடியின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து நாள் முழுவதும் குனிந்திருக்கிறவள். நான் தனபால் வயலில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது பக்கத்து வரப்பிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மருந்து அடிச்ச அன்னிக்கி ஓடுறதெல்லாம் செத்துப் போச்சிம்மா. ஒக்காந்திருக்கறதுங்கதான் அப்பிடியே கெடக்கு."

"ஓடுறதா? எது ஓடுது?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். படித்தவளுக்கு இது தெரியாதா என்கிற பார்வைதான். வாய்க்கால் ஓரத்தில் மருந்து படாத துத்திச் செடி ஒன்றிடம் கூட்டிப்போனாள். அதிலும் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. ஒரு ஈர்க்குச்சியை ஒடித்து ஒன்றைத் தொட்டாள். அது அசையவில்லை. இன்னொன்றைத் தொட்டாள், அசையவில்லை. மூன்றாவதாக இழை தொங்கும் பெரியதைத் தொட்டதும் அது விறுவிறுவென்று இலைக்கு அடியில் ஓடி மறைந்தது.

"ஒக்காந்திருக்கறது கெடுக்கறது. ஓடுறது அதத் தின்றது. நாங்க ஓடுறதக் கையால நசுக்க மாட்டோம்" என்றாள்.

இரண்டிலும் சிலவற்றை இலையோடு பறித்து ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாட்டில் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இது ஊறுகாயா இல்லையா என்று கேட்டார். நான்காவது நாள் உட்கார்ந்திருந்தவை பாதியாகக் குறைந்திருந்தன. ஓடியது கொழுத்திருந்தது. தினமும் புதிதாக மாவுப்பூச்சி கொண்டுவந்து போட்டேன், தினமும் தீர்ந்தது. சில வாரத்தில் அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதற்குள்ளிருந்து ஒரு குட்டிப் பொறிவண்டு வந்து பாட்டில் சுவரில் ஏறியது.

புத்தகத்தில் பொறிவண்டின் படம் இருந்தது. அதன் குஞ்சு மாவுப்பூச்சியைப் போலவே மெழுகு போர்த்திக்கொண்டு இருக்கும் என்றும் ஓரமாக ஒரு வரி இருந்தது. நான் படத்தைப் பார்த்தேன், வரியைப் படிக்கவில்லை. தனபால் வயலில் நான் 'தீவிரம்' என்று குறித்தவை அத்தனையும் அவருக்காக வேலை செய்துகொண்டிருந்தவை. அவற்றின் எண்ணிக்கையை வைத்தே அவற்றைக் கொல்லச் சொல்லியிருக்கிறேன். அவை ஓடி ஓடி மருந்து பட்ட இடத்தையெல்லாம் மிதித்துச் செத்தன. உட்கார்ந்திருந்தவை மெழுகுக்குள் பத்திரமாக இருந்தன.

இதைத் தனபாலிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு மூன்று முறை அவர் வயலுக்குப் போனேன். மூன்று முறையும் உரத்தைப் பற்றியும் விதையைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பினேன். வெட்கம்தான், வேறென்ன? அந்த வெட்கத்தை வேலையில் காட்டினேன். அந்த வருடம் முழுக்க எந்தப் பயிரில் எந்தப் பூச்சியைப் பார்த்தாலும் கையில் ஈர்க்குச்சி இருந்தது. பச்சையம்மாளிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அவள் இன்னொன்றும் காட்டினாள். உட்கார்ந்திருக்கிற மாவுப்பூச்சிகளிலேயே சில பழுப்பாக உப்பி, ஓடு போல் ஆகி, பின்புறத்தில் வட்டமாக ஓட்டை விழுந்திருக்கும். அதன் உள்ளே முட்டையிலிருந்து வளர்ந்த சின்னக் குளவி வெளியே போன ஓட்டை அது. "இது ஓட்ட விழுந்தது. செத்துட்டது. இத எண்ணாதீங்க" என்றாள்.

அடுத்த வருடம், 2009. தனபால் மறுபடி பருத்திதான் போட்டார். இந்த முறை விஷயம் வேறு. போன வருடம் பயிர் போனதைப் பார்த்துவிட்டு நிலத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டாராம், இந்தத் தடவையும் பருத்தி கெட்டால் வயலை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று. பச்சையம்மாள்தான் எனக்குச் சொன்னாள். தனபால் அந்த வயலில் கால் வைத்துப் பதினாறு வருடம். அவருக்கு வேறு நிலம் கிடையாது. அது கைவிட்டுப் போனால் அவர் அந்த ஊரிலேயே மற்றவர் வயலில் கூலிக்கு நிற்க வேண்டும்.

பங்குனி கடைசியில், பூவும் பிஞ்சுமாக நின்ற நேரத்தில், மாவுப்பூச்சி வந்தது. அவர் வயலுக்கு மட்டுமில்லை, சுற்று வட்டாரத்துக்கே வந்தது. மேலேயிருந்து உத்தரவு, ஒரே நாளில் எல்லா வயலிலும் கூட்டாகத் தெளிக்க வேண்டும் என்று. செவ்வாய்க்கிழமை காலையில் என் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். வாய்க்கால் கரையில் நான்கு பவர் ஸ்ப்ரேயர் நின்றன. மருந்து கலக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்து தனபால் வயலுக்குள் இறங்கியிருந்தேன். பத்துச் செடியோடு நிற்கவில்லை. ஓரத்திலிருந்து நடு வயலுக்கு, நடுவிலிருந்து அந்தப் பக்க வரப்புக்கு, குச்சியும் கையுமாகப் போனேன். ஓடுவதைத் தனியாக, உட்கார்ந்திருப்பதைத் தனியாக, ஓட்டை விழுந்ததைத் தனியாகக் குறித்தேன். நான்கு நாளுக்கு முன்பு வந்தபோதும் இப்படியே எண்ணியிருந்தேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

நமக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த கணக்கு உங்களுக்குத் தெரியும். கெடுப்பது இரண்டுக்குக் காப்பது ஒன்று இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில் என்பார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் தனபால் வயலில் மருந்து அடித்தாக வேண்டும். காப்பது அவ்வளவு இல்லை. ஆனால் நான்கு நாளுக்கு முன்பு ஓடுவதைச் செடி செடியாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ஓரத்துச் செடிகளில் தொட்ட இடத்திலெல்லாம் ஏதாவது ஒன்று ஓடியது. ஓட்டை விழுந்தது அன்று அங்கொன்று இங்கொன்று, இன்று கொத்துக் கொத்தாக. கெடுப்பதும் கூடியிருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் காப்பது அதைவிட வேகமாகக் கூடியிருந்தது. ஒரு நாள் எண்ணிக்கை எங்கே நிற்கிறோம் என்று சொல்லும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை இரண்டு நாள் எண்ணிக்கை சேர்ந்துதான் சொல்லும்.

அதிகாரி வரப்புக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மேலேயிருந்து நெருக்கியிருந்தார்கள், வெயில் வேறு. செடியைப் பார்த்ததுமே முகம் சுருங்கியது. "என்னாம்மா இது, பூரா வெள்ளையா கெடக்குது? இங்கேர்ந்தே ஆரம்பிக்கச் சொல்றேன்."

"இந்த வயலுக்கு வேண்டாம் சார். நாலு நாள் பொறுக்கலாம்."

"நாலு நாளா? நாலு நாள்ல குச்சி மட்டும் நிக்கும். இந்தா, இந்த ஒரு எலையில எத்தன பாரு." அவரும் எண்ணினார். நான் போன வருடம் எண்ணிய அதே மாதிரி, வெள்ளையாக இருந்த எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினார்.

களை எடுத்துக்கொண்டிருந்த பச்சையம்மாளைக் கூப்பிட்டேன். "சாருக்குக் காட்டு."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து ஈர்க்குச்சியால் அந்த இலையில் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "இது ஒக்காந்திருக்குது சார். இது ஓட்ட விழுந்தது, செத்துட்டது. இதப் பாருங்க, ஓடுதா? இது அதத் தின்றது. இதுவும் ஓடுது. நீங்க எண்ணுனதுல பாதி நம்ம ஆளுங்க சார்."

அதிகாரி குச்சியை வாங்கித் தானும் தொட்டுப் பார்த்தார். ஒன்று ஓடியது. குச்சியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், "நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். நாளைக்கி இந்த வயலு போச்சின்னா எனக்கு மேல இருக்கறவுங்க ஓடுறது ஒக்காந்திருக்கறதுன்னு கேக்க மாட்டாங்க. எழுதிக் குடுக்கறியா?" என்றார்.

ஜீப் பானெட்டில் வைத்து ஆய்வுப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். 'இந்த வயலில் மருந்து தெளிக்க வேண்டாம் என்று பரிந்துரைப்பவள் நான். விளைவுக்கு நானே பொறுப்பு.' கையெழுத்துப் போட்டேன். பானெட் சூடு உள்ளங்கையைச் சுட்டது. எழுதியது எனக்குப் பெரிய தைரியமாகத் தெரிந்தது, கொஞ்ச நேரத்துக்குத்தான். திரும்பிப் பார்த்தால் தனபால் நின்றிருந்தார். நான் பொறுப்பு என்று எழுதிவிட்டேன். பயிர் கெட்டால் என்னிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்பார்கள், அதிகமானால் மாற்றல் போடுவார்கள். அவருக்கு வயல் போகும்.

"என்னா தனபால், நாலு நாள் பொறுக்கறீங்களா?" என்று கேட்டேன்.

போன வருடத்தை அப்போது சொல்லியிருக்க வேண்டும். போன தடவை என்னால்தான் கெட்டது, அதைத் தெரிந்துகொண்டு இப்போது என்னை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நியாயம் அதுதான். வாய் வரை வந்தது. சொன்னால் அவர் அந்த நிமிடமே ஸ்ப்ரேயரைக் கூப்பிட்டுவிடுவார் என்று பயந்து விழுங்கிவிட்டேன். பயிரைக் காப்பாற்றத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தனபால் வரப்பைப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். "சரிங்க மேடம்" என்றார்.

பக்கத்து வயல்காரர் ஒருவர் முறைக்கு அவருக்கு மச்சான். கேட்டுக்கொண்டே போனவர், "மச்சான், நெலம் ஒன்னுதா அந்தம்மாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பொறுப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நான்கு நாளில் செய்ததைப் போல நான் எப்போதும் வேலை செய்ததில்லை. மிக மோசமாக இருந்த ஓரத்து இரண்டு வரிசையைச் சாக்குப் பையில் மூடிப் பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரித்தோம். அதற்கு முன்னால் அந்தச் செடிகளிலும் வாய்க்கால் துத்தியிலும் இருந்த ஓடுகிறவற்றைப் பச்சையம்மாளும் அவள் கூட்டாளிப் பெண்களும் குச்சியால் நெருடி அன்னக்கூடையில் இறக்கி, வயலுக்குள் வெள்ளை தெரிந்த செடிகளில் கொண்டுபோய் விட்டார்கள். பூச்சியைப் பிடித்து வயலுக்குள்ளே விடுகிறார்கள் என்று ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவர் தனபாலிடம், விலைக்கு வேண்டுமானால் என் வயலில் இருப்பதையும் வந்து பிடித்துக்கொள் என்றார். பெண்கள் சிரித்தார்கள். தனபாலும் சிரித்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் பெரிய வெள்ளி. அரசு விடுமுறை. கல்யாணமாகி வந்ததிலிருந்து பெரிய வெள்ளி ஆராதனைக்குப் போகாமல் இருந்தது அந்த ஒரு வருடம்தான். நான் பஸ் ஏறக் கிளம்பும் வரை என் மாமியார் பேசவில்லை, கிளம்பிய பிறகு நிறையப் பேசியிருப்பார். வயலுக்குப் போனால் மனசு விட்டுப்போயிற்று. வெள்ளை குறைந்ததாகவே தெரியவில்லை. சுற்றிலும் மருந்து அடித்த வயல்கள் பளிச்சென்று நிற்க, தனபால் வயல் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி நின்றது. மோட்டார் கொட்டகையில் மருந்து பாட்டில் இரண்டு இருந்தன. நான் பார்ப்பதைத் தனபால் பார்த்துவிட்டார்.

"மச்சான் வாங்கியாந்து குடுத்துட்டுப் போனாரு. நான் தொறக்கல."

"தொறக்கலன்னு தெரியுது."

"நாளைக்கி வரைக்குங்களா மேடம்?"

"நாளைக்கி வரைக்கும்."

அவருடைய கை பாட்டில் மூடியின் மேல் இருந்தது. எடுத்துவிட்டார். நான் திரும்ப வயலில் இறங்கி எண்ணினேன். தூரத்திலிருந்து பார்க்கிற வெள்ளையை நம்பாமல் கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளை இருந்தது, ஆனால் அதில் உயிர் குறைந்திருந்தது. தொட்டால் பொடியாக உதிர்ந்தது. பழுப்பு ஓடுகள் கூடியிருந்தன. நான் எண்ணியதை நானே நம்பாமல் பச்சையம்மாளையும் தனியாக எண்ணச் சொன்னேன். அவளுக்கு எழுத வராது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டைமுத்து, அதாவது ஆமணக்கு விதை, எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போயிற்று. பஸ்ஸில் திரும்பும்போது அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணினேன். ஆராதனைக்குப் போகாததற்கு அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் அதிகாரி எனக்கு முன்பே வந்து வயலில் நின்றார். கையில் ஈர்க்குச்சி. அவரே நாலைந்து வரிசை தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஓரத்துச் செடிகளில் நுனி நிமிர்ந்து புதுத் தளிர் வந்திருந்தது. வெள்ளை இருந்த இடத்தில் அழுக்குப் பஞ்சு போல மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கொழுத்த பொறிவண்டுக் குஞ்சுகள் தின்ன ஒன்றும் கிடைக்காமல் இலை இலையாக அலைந்தன.

"சார், அந்தப் பேப்பரக் கிழிச்சிடலாமா?" என்றேன்.

"எதுக்குக் கிழிக்கணும்? ஃபைல்ல இருக்கட்டும். அடுத்த வருஷம் எவனாவது கூட்டா அடிக்கணும்னு சொன்னா எடுத்துக் காட்டறேன்" என்றார். அடுத்த வருடம் உண்மையிலேயே எடுத்துக் காட்டினார். 2012இல் நான் அந்தப் பக்கத்தை விட்டு வருவதற்குள், மருந்து எடுப்பதற்கு முன்னால் குச்சி எடுக்கிற பழக்கம் அந்தச் சுற்று வட்டாரத்தில் பரவிவிட்டது. பயிற்சிக்கு வரும் அலுவலர்களுக்குப் பச்சையம்மாள்தான் வயலில் வகுப்பு எடுத்தாள். எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் வந்தது. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன், வந்தால் பார்க்கலாம்.

அந்த வருடம் மருந்து அடித்த வயல்களில் இன்னும் இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது. தனபால் வயலில் கடைசி வரை ஒரு டேங்க்கூட அடிக்கவில்லை. கொட்டகையில் இருந்த பாட்டிலை மூடி திறக்காமல் மச்சானுக்கே திருப்பிக் கொடுத்தார்.

ஆனியில் முதல் பஞ்சு எடுக்கிற அன்று போனேன். செடிக்குச் செடி வெடித்து நின்றது. கடலூரிலிருந்து நிலத்துக்காரர் முதல் நாளே வந்து பார்த்துவிட்டு, தனபாலே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெண்கள் மடி கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். தனபாலும் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அவரைக் கூப்பிட்டு, நின்ற இடத்திலேயே சொன்னேன். போன வருடம் மருந்து சரியாகப் படாமல் இல்லை, நான்தான் காக்கிற பூச்சியைக் கெடுக்கிற பூச்சி என்று எண்ணி அடிக்கச் சொன்னேன், உங்கள் பயிர் போனதற்கு நான்தான் காரணம், இந்த வருடம் பொறுக்கச் சொன்னபோதே சொல்லியிருக்க வேண்டும், பயந்துகொண்டு மறைத்துவிட்டேன். அரசாங்க வேலையில் இருக்கிறவள் வயலில் நின்று அழுவது அழகில்லை என்று தெரியும். அழுதேன்.

அவர் இந்த முறை வரப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியுங்க மேடம். பச்சையம்மா போன வருஷமே சொல்லிடுச்சி."

"தெரிஞ்சுமா அன்னிக்கி சரின்னீங்க? வயலே போயிருக்குமே தனபால்."

"போன வருஷம் பத்துச் செடி பாத்தீங்க, எழுதுனீங்க, போயிட்டீங்க. இந்த வருஷம் விடியக்காலம் வந்து அந்தக் கோடி வரப்பு வரைக்கும் குனிஞ்ச தல நிமிராம எண்ணுனீங்க. நான் கொட்டாயிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தப்பு பண்ணது தெரிஞ்ச ஆளுதான் மேடம் அப்பிடி எண்ணும். அது தெரியாத ஆளா இருந்திருந்தா அன்னிக்கே மருந்து அடிச்சிருப்பேன்."